முந்நூறு சொல்லும் ஒரு நாற்காலியும்

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு நாற்காலி. இங்கிலீஷ் இல்லை.

ரோலர் இஸ்திரியின் முன்னால் பதினான்கு வருடம் நின்றவள். பாதி ஈரம் காய்ந்த படுக்கை விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்து, ஓர் உதறு உதறி, சூடான உருளைக்குள் விட்டு, அது மறுபக்கம் போய்ச் சேர்வதற்குள் அடுத்ததை எடுக்க வேண்டும். குனிய நேரம் உண்டு. உட்கார நேரம் இல்லை. முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் முறுக்கிக்கொண்டு, நீலக் கயிற்றைச் சுருட்டித் தோலுக்கடியில் திணித்த மாதிரி இருந்தது. டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார்.

"நிக்கிற வேலைய விட்டுடும்மா. விடலேன்னா ஒருநாள் வெடிச்சுப் புண்ணாகும். புண்ணாச்சுன்னா லேசுல ஆறாது."

"விட்டுட்டு?" என்று கேட்டாள்.

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பெரிய லாண்டரி அது. மூன்று ஆஸ்பத்திரிகளின் துணி அங்கேதான் வரும். ரத்தமும் மருந்தும் பட்டது ஒரு வாசலில் வந்து, வெள்ளையாக மடிந்து மறு வாசலில் போகும். உள்ளே அறுபது பேர். அறுபது பேரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்றே ஒன்று, சூப்பர்வைசர் வேலை. கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு மேசையும், கைப்பிடியில் ரெக்சின் கிழிந்த ஒரு நாற்காலியும். பழைய சூப்பர்வைசருக்குத் தெரிந்த ஒரே பாஷை விசில். அவர் ஓய்வு பெற்றுப் போய் ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் அவர் வேலையை இவள்தான் பார்த்தாள். நின்றுகொண்டே பார்த்தாள்.

லாண்டரியில் அவளுக்குச் சீட்டக்கா என்று பெயர். ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் ஒரு துளை இருக்கும். அதில் ஒரு சாண் வெள்ளை நாடாவைக் கோத்துக் கட்டியிருப்பார்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று நாடாவில் அழியாத மையில் எழுதியிருக்கும். அதுதான் சீட்டு. எழுதுவது இவள். கொதிக்கிற தண்ணீரில் நூறு முறை வெந்தாலும் இவள் எழுத்து போகாது.

நாற்காலி அவளுக்குத்தான் என்று அங்கிருந்த மெஷின்களுக்குக்கூடத் தெரியும். அந்த நேரம் பார்த்து லாண்டரியை ஒரு புதுக் கம்பெனி வாங்கியது. புது மேனேஜர் வந்தான். வந்த வாரமே போர்டில் ஒரு காகிதம் ஒட்டினான். சூப்பர்வைசர் பதவிக்கு ஆங்கிலச் சொல்வளத் தேர்வு. முந்நூறு உயர்தரச் சொற்கள். உச்சரிப்பு, பொருள், பயன்பாடு. கையேடு ஆபீஸில் பெற்றுக்கொள்ளவும்.

கையேட்டை அவனே தொகுத்திருந்தான். சோப்பு என்ற சொல் அதில் இல்லை. கறை இல்லை, கொதிகலன் இல்லை, கை வெந்து போனால் என்னவென்று கத்துவது என்று இல்லை. அந்தக் கட்டடத்துக்குள் ஒரு நாளும் யாரும் சொல்லாத, சொல்லப்போகாத முந்நூறு சொற்களைத் தேடித்தேடிப் பிடித்துப் போட்டிருந்தான்.

*

மழை பிடித்து ஒன்பது நாள். வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி ஈரத்துணி தொங்கியது. ஊர்த் துணியெல்லாம் வெளுத்து உலர்த்துகிறவள் வீட்டில் ஒரு பாவாடை காயவில்லை. புருஷன் வெல்டர். மழையில் கம்பி வேலை கிடையாது. ஒன்பது நாளாக வீட்டில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்து, சுவர் அலுத்துப்போய் அவளைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

அவள் அடுப்படியில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம் படிக்கிற மகள், தொங்குகிற துணிகளுக்கு நடுவே கையேட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"நூத்திப் பதினொண்ணு. சொல்லு."

"மெட்டிகலஸ்."

"கலஸ் இல்லம்மா. மெ-ட்டி-க்யு-லஸ். டில அழுத்தணும்."

"மெட்டிக்யுலஸ்."

"அர்த்தம்?"

"ஒண்ணு விடாம கவனமா செய்யறது."

"பயன்பாடு?"

அவள் முட்டையைக் கலக்கினாள். கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"பயன்பாடு சொல்லும்மா. வாக்கியத்துல அமைக்கணும். அதுக்குத்தான் நாப்பது மார்க்கு."

"எங்கடி பயன்படுது? பயன்பட்டாத்தானே அமைக்கறதுக்கு?"

வெல்டர் கட்டிலில் இருந்து சிரித்தார். "முட்டையக் கருக்காம மெட்டிக்யுலஸா போட்டுக் கொண்டா. அதுதான் பயன்பாடு."

"நீங்க சும்மா இருங்க. ஒம்போது நாளா அந்தக் கட்டிலுக்குத்தான் நீங்க பயன்பாடு."

"பாத்தியா பாப்பா, உங்கம்மா இங்கிலீஷ்ல திட்ட ஆரம்பிச்சுட்டா."

"தமிழ்லதான்ப்பா திட்டினாங்க."

"தமிழ்ல இவ்ளோ நீட்டமா திட்ட மாட்டாளே."

மகள் சிரிக்கவில்லை. அவளுக்குக் கோபம் வேறு இடத்தில் இருந்தது. "ஏம்மா, அந்த மேனேஜருக்கு இதெல்லாம் தெரியுமா?"

"அவருதான்டி புஸ்தகம் போட்டாரு."

"போட்டா? இருநூத்தி நாப்பதாவது வார்த்தைக்கு உச்சரிப்புத் தப்பு. போன்ல போட்டுக் கேட்டுட்டேன். அவரு எழுதினபடி சொல்லவா, சரியா சொல்லவா?"

"மார்க்கு யாரு போடுவா?"

"அவரு."

"அப்ப அவரு எழுதினபடி சொல்லு."

முட்டையையும் ரொட்டியையும் தட்டில் வைத்துவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். கால்களை நீட்டிச் சுவரில் தூக்கி வைத்தாள். டாக்டர் சொன்ன வைத்தியத்தில் அது ஒன்றுதான் காசில்லாமல் செய்ய முடிந்தது. வெல்டர் அந்தக் கால்களைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, அவள் குதிகாலுக்கும் சுவருக்கும் நடுவே தன் தலையணையைச் செருகிவிட்டுப் போனார்.

"அடுத்தது," என்றாள்.

"மாரிபண்ட்."

"மாரிபண்ட். அர்த்தம் என்னடி?"

"சாகும் தறுவாயில் உள்ள."

"புரியற மாதிரி சொல்லேன்."

"சாகக் கிடக்கிற."

அவள் கொஞ்சம் யோசித்தாள். முகம் மலர்ந்தது. "பயன்பாடு தெரியும். நைஞ்சு போன பெட்ஷீட்டு. வெளிச்சத்துல பிடிச்சா மறுபக்கம் தெரியும். இன்னும் ரெண்டு வெளுப்புத்தான் தாங்கும், அப்புறம் கிழிச்சுத் தரை துடைக்கத்தான். இந்த பெட்ஷீட்டு மாரிபண்ட். சரியா?"

மகளும் யோசித்தாள். "சரியாத்தான் இருக்கு. எழுதிடு."

*

லாண்டரிக்குள் காகிதம் கொண்டுவரக் கூடாது. ஒரு துண்டுக் காகிதம் மெஷினுக்குள் போனால் நூறு விரிப்பில் பஞ்சாக ஒட்டிக்கொள்ளும். போனும் கூடாது. ஆகவே அவள் நாடாவில் எழுதினாள். சீட்டுக்குப் போக மீந்த துண்டு நாடாக்கள். நாளைக்குப் பத்து. மேலே இங்கிலீஷில் சொல், பக்கத்தில் தமிழில் உச்சரிப்பு, கீழே அர்த்தம். விரிப்பை உள்ளே விடுகிற இடத்தில் ஒரு கம்பி ஓடும். அந்தக் கம்பியில் பத்தையும் வரிசையாக முடிந்து வைப்பாள். ஒரு விரிப்புக்கு ஒரு சொல். உதறும்போது உச்சரிப்பு, உள்ளே விடும்போது அர்த்தம். நீராவியில் முகம் வெந்துகொண்டிருக்கும். வாய் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.

ரோலரின் மறுபக்கம் மடிப்பு. அங்கே நிற்பவளை வாயாடி என்று கூப்பிடுவார்கள். இருபத்து மூன்று வயது. வேலைக்கு வந்து எட்டு மாதம். எழுதப் படிக்கத் தெரியாது. அதை அவள் ஒரு நாளும் மறைத்ததில்லை. எல்லாவற்றையும் போல அதையும் சத்தமாகச் சொல்வாள்.

"அக்கா, எந்தச் சாமிக்கு மந்திரம் சொல்றே?"

"நாற்காலி சாமிக்கு."

"எனக்கும் சேத்து சொல்லு. எனக்கு ஒரு ஸ்டூல் குடுத்தாப் போதும்."

"மடிப்பப் பாருடி. மூலையில சீட்டு இருக்கா?"

"இதுல இல்லக்கா. ஹைட்ரோவுல போட்டுப் பிழியச் சுத்தினப்ப அவுந்திருக்கும்."

"கீழ தேடு. கீழ கிடக்கிற சீட்டு ஒண்ணும் அனாதை இல்ல. அதுக்கு ஒரு துணி எங்கயோ இருக்கு. எடுத்துக் கட்டு. கட்டினதக் கொண்டாந்து என்கிட்ட காட்டு."

இது சீட்டக்கா போட்ட விதி. துணி சீட்டில்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது. கீழே விழுந்த சீட்டை மிதிக்கக் கூடாது. வாயாடி கட்டிக் காட்டுவாள், இவள் படித்துச் சரிபார்ப்பாள். எட்டு மாதத்தில் ஒரு துணி வார்டு மாறிப் போனதில்லை.

தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆபீஸ் மாடியில் மூன்று மணி நேரம். மற்ற மூன்று பேரும் வெளியிலிருந்து வந்த பையன்கள், வாழ்நாளில் ஒரு சட்டை மடித்தறியாதவர்கள். இவள் வேலைக்கான ஏப்ரனைக் கழற்றாமல் உட்கார்ந்து எழுதினாள். எழுதியதைவிட உட்கார்ந்தது நினைவில் நின்றது. மூன்று மணி நேரம்! கால் வீக்கம் பாதி வடிந்துவிட்டது.

அந்த மூன்று மணி நேரமும் கீழே ரோலர் ஓடியது. சரிபார்க்க ஆள் போடவில்லை. கம்பியில் முந்தைய நாளின் பத்துச் சொற்கள் முடிந்தபடியே இருந்தன. மெஷின் அதிர்ந்ததில் ஒரு முடிச்சு தளர்ந்து, ஒரு நாடா கீழே விழுந்தது. மறுபக்கம் ஒரு விரிப்பு சீட்டில்லாமல் வந்தது. வாயாடி கீழே பார்த்தாள். ஒரு சீட்டு கிடந்தது. எடுத்தாள். காட்டுவதற்கு அக்கா இல்லை. தனக்குச் சொல்லிக்கொடுத்தபடி, அவிழாமல் இருக்க இரட்டை முடிச்சாகக் கட்டினாள்.

*

விரிப்பு போன கட்டிலில் ஒரு ரிட்டையர்டு தபால்காரர். குடலிறக்க ஆபரேஷன். நன்றாகத் தேறிவிட்டார். இரண்டு நாளில் வீட்டுக்கு. நர்ஸ் விரிப்பை மாற்றிவிட்டுப் போனாள். சீட்டு தலைமாட்டில் வந்தது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் விலாசத்தைப் படித்துப் படித்துக் கொடுத்த மனிதர், தன் தலைமாட்டில் எழுத்து இருந்தால் படிக்காமல் இருப்பாரா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். சாகக் கிடக்கிற. தனக்கு வந்த தபால் என்று எடுத்துக்கொண்டார்.

யாரிடமும் கேட்கவில்லை. டாக்டர்கள் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், எழுதித்தான் வைப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது. சாப்பாட்டைத் தள்ளினார். சைக்கிள் மூத்த பேரனுக்கு என்றார். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்து மயங்கினார். அவருடைய மகள்தான் அவர் கைக்குள் இறுகிக் கிடந்த நாடாவைப் பிரித்துப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை அந்த நாடா ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் லாண்டரிக்குத் திரும்பி வந்தது. மேனேஜர் ரோலரை நிறுத்தச் சொல்லி, எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, கவரை உயர்த்திப் பிடித்தான்.

யார் எழுத்து என்று யாரும் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒவ்வொரு துணியின் மூலையிலும் அந்தக் கையெழுத்து இருக்கிறது.

"எழுத்து என்னோடது," என்றாள் சீட்டக்கா.

"கட்டினது நானு," என்றாள் வாயாடி. சொல்லிவிட்டுத்தான் கேட்டாள், "ஏன்க்கா, என்னக்கா எழுதியிருக்கு அதுல?"

மேனேஜர் சீட்டக்காவை மட்டும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டான். நாற்காலியில் அவன் உட்கார்ந்துகொண்டான்.

"இங்க பாரும்மா. ரிசல்ட்டு திங்கக்கிழமை போடறேன். நீதான் ஃபர்ஸ்ட்டு. எண்பத்தொண்ணு. அந்தப் பசங்கள்ள ஒருத்தன்கூட அம்பதத் தாண்டல."

அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"பயன்பாட்டுலதான் மார்க்கு போச்சு. பெட்ஷீட்டு மாரிபண்ட்னு எழுதியிருக்கே. அப்படியெல்லாம் எழுதக் கூடாது. அதுக்கு சைபர்."

"சரிங்க சார்."

"இப்ப ஆஸ்பத்திரிக்காரங்க ஒரு பேரு கேக்கறாங்க. பேரு குடுக்கலேன்னா காண்ட்ராக்ட்டு போயிடும். அறுபது பேரு சோறு. புரியுதா? நீ சூப்பர்வைசரா வரப்போறவ. உன் பேரக் குடுக்க முடியாது. அந்தப் பொண்ணு இருக்கே, மடிப்புல, அதுவே எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிச்சு." ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினான். "நீ பாத்ததா ஒரு லெட்டர் ரெடி பண்ணிட்டேன். கையெழுத்துப் போடு."

"என்ன போட்டிருக்கீங்க சார்?"

"பெருசா ஒண்ணுமில்ல. கவனக்குறைவா கட்டிடுச்சுன்னு போட்டிருக்கு. வேற எங்கயாவது வேலை கிடைக்கும் அதுக்கு. வாய் இருக்கே."

பதினான்கு வருடத்தில் அந்தக் கண்ணாடி அறையில் அவள் எத்தனையோ காகிதங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஒன்றையும் படித்ததில்லை. எங்கே போடணும் சார் என்று கேட்பாள். விரல் காட்டுகிற இடத்தில் போடுவாள்.

இன்றைக்கு அந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டாவது வரியில் மாலிஷியஸ் இருந்தது. எண்பத்து நான்காவது சொல். கெடுக்கும் எண்ணம் கொண்ட. மூன்றாவது வரியில் டெலிபரேட். வேண்டுமென்றே செய்த. அதற்குக் கீழே கல்பபிள். தண்டிக்கத்தக்க குற்றமுள்ள. கவனக்குறைவுக்கும் கையேட்டில் ஒரு சொல் உண்டு, நெக்லிஜென்ஸ். அது அந்தக் காகிதத்தில் எங்கும் இல்லை. போலீசுக்குக் கொடுக்கலாம் என்று கடைசி வரி சொன்னது. அதைப் படிக்கக் கையேடே தேவைப்படவில்லை.

தன் புத்தகத்திலிருந்தே எடுத்து எழுதியிருந்தான். அந்தப் புத்தகத்தை ஒருத்தி உட்கார்ந்து படித்திருக்கிறாள் என்பது அவன் புத்தியில் ஏறவே இல்லை. எண்பத்தொன்று போட்ட கை அவனுடையதுதான்.

அவள் காகிதத்தை மேசையிலேயே வைத்தாள். "நாளைக்குப் போடறேன் சார்," என்றாள்.

"காலையில வந்ததும். மறக்காத."

*

ஷிஃப்ட் முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். பார்வையாளர் நேரம். தபால்காரர் கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. கண் விழித்திருந்தார். மகள் பக்கத்தில் இருந்தாள்.

"நீங்க யாரு?"

"லாண்டரியில இருந்து வரேன். அந்தச் சீட்டு எழுதினது நான்தான்."

மகள் எழுந்தாள். "எவ்ளோ தைரியம் இருந்தா இங்கயே வந்து நிப்பே? எங்கப்பா மூணு நாளா பச்சத் தண்ணி குடிக்கல. செத்துப் போயிருந்தா நீ கொண்டாந்து குடுப்பியா? யாரையோ வேலையை விட்டுத் தூக்கறேன்னு உங்க மேனேஜரு போன்ல சொன்னாரு. தூக்கினாப் போதுமா? உள்ள தள்ளணும்!"

"இரு," என்றார் தபால்காரர். குரல் உள்ளேயே கிடந்தது. "ஏம்மா எழுதின?"

"பரீட்சைக்குப் படிச்சேன்யா."

"என்ன பரீட்சை?"

"சூப்பர்வைசருக்கு. இங்கிலீஷ் வார்த்தை."

"துணி வெளுக்கறதுக்குச் சாகக் கிடக்கிறவன் எதுக்கும்மா?"

அவளுக்கு முந்நூறு சொல் தெரியும். இதற்கு ஒன்றுகூட உதவவில்லை.

"நாப்பது வருஷம் தபால் குடுத்தேன். ஒரு தபாலக்கூட வீடு மாத்திக் குடுக்கல," என்றார் அவர். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். "போம்மா. உன்னப் பாத்தா எனக்கு ஆத்திரமா வருது."

"வரட்டும்யா. வரணும்," என்றாள். வேறு யார்மேல் வரவேண்டும் என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். வந்துவிட்டாள்.

*

வீட்டு வாசலில் வாயாடி உட்கார்ந்திருந்தாள். மழையில் நனைந்து வந்திருக்கிறாள். வெல்டர் துண்டு கொடுத்து, டீயும் கொடுத்திருந்தார். குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"அக்கா, மேனேஜரு என் கணக்க முடிக்கச் சொல்லிட்டாராம். ஆபீஸ் பையன் சொன்னான். நீ கையெழுத்துப் போட்டதும் போலீசு வருமாம். நான் என்னக்கா பண்ணேன்? கீழ கிடந்துச்சு. எடுத்துக் கட்டினேன். நீதானே சொல்லிக்குடுத்தே?"

"நான்தான் சொல்லிக்குடுத்தேன்."

"அதுல சாவுன்னு எழுதியிருக்குன்னு எனக்கென்ன தெரியும்? சாவுன்னு எழுதினா எப்படி இருக்கும், சோறுன்னு எழுதினா எப்படி இருக்கும், எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்க்கா. புழு நெளியற மாதிரி இருக்கும்." இப்போது அவளுக்கும் கோபம் ஏறியது. "நீ எதுக்கு அத எழுதி அங்க கட்டி வச்சே? உனக்கு நாற்காலி வேணும்னா என் கழுத்துல ஏறித்தான் உக்காரணுமா?"

"ஏய், மரியாதையா பேசு," என்றார் வெல்டர்.

"அவ சரியாத்தான் பேசறா. நீங்க குறுக்க வராதீங்க."

வாயாடி டீயைத் தரையில் வைத்துவிட்டு மழைக்குள் இறங்கிப் போனாள். குடை கொடுக்க மகள் பின்னால் ஓடினாள்.

வெல்டர் கதவைச் சாத்தினார். "என்ன பண்ணப்போறே?"

அவள் லெட்டரைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "போட்டுடு," என்றார்.

"என்னது?"

"கையெழுத்து. போட்டுடு. அவ சின்னப் பொண்ணு. கை கால் நல்லா இருக்கு. வேற வேலை பாத்துக்குவா. உனக்கு அந்தக் கால வச்சிக்கிட்டு இன்னும் ஒரு வருஷம் ஓடுமா?"

"போலீசுன்னு போட்டிருக்குங்க."

"அதெல்லாம் சும்மா மிரட்டறதுக்குப் போடறது."

"சும்மா இல்ல. டெலிபரேட்னு போட்டிருக்கான். வேணும்னே செஞ்சதுன்னு அர்த்தம். மாலிஷியஸ்னு போட்டிருக்கான். அந்தப் பேரோட எந்த ஆஸ்பத்திரியில அவள உள்ள விடுவான்? எந்த வீட்டுல பாத்திரம் கழுவக் கூப்பிடுவான்?"

"உனக்கு அர்த்தம் தெரிஞ்சதுதான் தப்பாப் போச்சு! போன மாசம்னா என்ன ஏதுன்னு கேக்காம போட்டிருப்பே."

"ஆமா. போட்டிருப்பேன்." அவள் குரல் உயர்ந்தது. "பதினாலு வருஷமா எத எதுக்கெல்லாம் போட்டேனோ! யாரு யாரு வயித்துல அடிச்சேனோ! இப்பத் தெரிஞ்சு போச்சே, என்ன பண்ணச் சொல்றீங்க? மறக்கணுமா? கொதிக்கற தண்ணியில போட்டாலும் போக மாட்டேங்குதே!"

வெல்டர் கட்டிலை ஓங்கி ஓர் அடி அடித்தார். கயிற்றில் தொங்கிய சட்டை ஒன்று நழுவி விழுந்தது. "நான் பாத்துக்கறேன்னு சொல்றதுக்கு எனக்கு வக்கில்ல. இத்தன நாளா வானத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். அதான் இப்படிக் கேவலமா பேசறேன். உன் காலு புண்ணானா நான் என்னடி பண்ணுவேன்?"

அவள் விழுந்த சட்டையை எடுத்து உதறி மறுபடி போட்டாள். இருவருக்கும் அதற்குமேல் திட்டுவதற்கு ஆள் இல்லை.

குடையோடு போன மகள் முழுக்க நனைந்து திரும்பினாள். "அம்மா, லெட்டர நான் வேணா திருத்தி எழுதித் தரட்டா?"

"வேணாம். எனக்குத் தெரியும்."

*

காலையில் மேனேஜர் கண்ணாடி அறையில் போனில் பேசியபடி உலாத்திக்கொண்டிருந்தான். அவள் உள்ளே போனாள். நாற்காலியை இழுத்தாள். உட்கார்ந்தாள். ரெக்சின் புஸ்ஸென்று மூச்சு விட்டது. அவன் போனைக் காதிலிருந்து எடுத்தான். அவள் லெட்டரைத் திருப்பிப் போட்டு, அதன் வெற்றுப் பக்கத்தில், ஏப்ரன் பையில் இருந்த அழியாத மைப் பேனாவால் இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தாள்.

மெதுவாகத்தான் எழுத வந்தது. சின்னச் சின்ன வாக்கியங்கள். சீட்டு என்னுடையது. எழுத்து என்னுடையது. மடிப்பவள் நான் கற்றுக்கொடுத்ததைச் செய்தாள். இது நெக்லிஜென்ஸ். டெலிபரேட் இல்லை. தேர்வு நேரத்தில் சரிபார்க்க ஆள் போடவில்லை. இந்தச் சொல்லை என்னைப் படிக்கச் சொன்னது கம்பெனி. கீழே கையெழுத்து.

மேனேஜர் படித்தான். கழுத்து சிவந்தது.

"கடைசி ரெண்டு வரிய அடி."

"அடிக்க முடியாது சார். அழியாத மை."

"கிழிச்சுப் போட எனக்கு எவ்ளோ நேரம் ஆகும்?"

"கிழிங்க. இதே மாதிரி ஒண்ணு வீட்டுல எழுதி, வர்ற வழியில அந்தப் பெரியவர் பொண்ணுகிட்ட குடுத்துட்டுத்தான் வந்தேன்."

அவன் போனை மேசைமேல் வைத்தான். கவிழ்த்து வைத்தான். "உனக்கு எண்பத்தொரு மார்க்கு போட்டேன். இந்த நாற்காலிய உனக்குக் குடுக்க இருந்தேன். இதுக்கு அர்த்தம் என்னன்னு தெரியுதா உனக்கு?"

"அர்த்தம் தெரியும் சார். சைபர் போட்டீங்களே, அந்த மாரிபண்டுக்கும் சேத்துத் தெரியும்."

"எந்திரி. ஆஸ்பத்திரிக்காரங்க உன்ன என்ன பண்ணச் சொல்றாங்களோ, அது வரைக்கும் மெஷின்ல போய் நில்லு. நாற்காலியில வேற ஆளு வருவான்."

"நிக்கிறேன்," என்றாள். எழுந்தபோது இடது கால் விண்ணென்று தெறித்தது. முகத்தில் காட்டவில்லை.

வெளியே ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் கவர் வந்ததிலிருந்து கீழே விழுந்த சீட்டை ஒருத்தரும் தொடவில்லை. சுவரோரமாகப் பெருக்கித் தள்ளியிருந்தார்கள். நாடாக்கள் நனைந்து, மிதிபட்டு, ஒரு குவியலாகக் கிடந்தன. வாயாடி மடிப்பு மேசையில் நின்றாள். கணக்கு முடிக்கும்வரை வேலை செய்யச் சொல்லியிருந்தார்கள். அவள் இவளைப் பார்க்கவில்லை.

சீட்டக்கா குனிந்து ஒரு நாடாவை எடுத்து நீட்டினாள். "கட்டு."

"நான் தொட மாட்டேன்."

"கட்டுடி."

"அதுல என்ன இருக்குன்னு எனக்கென்ன தெரியும்?"

"நான் படிச்சிட்டேன். எம் ரெண்டு. பொம்பளைங்க வார்டு. நீ எங்கயும் போகல. போலீசும் வராது. கட்டு."

வாயாடி அவள் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடி அறையைப் பார்த்தாள். "அப்ப நாற்காலி?"

"வாய மூடிட்டுக் கட்டு."

வாழ்க்கையில் முதல்முறையாக வாயாடி வாயை மூடிக்கொண்டு இரட்டை முடிச்சுப் போட்டாள்.

சீட்டக்கா ரோலரின் முன்னால் தன் இடத்துக்குப் போய் நின்று, அடுத்த விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்து உதறினாள். நடுவில் நைந்த விரிப்பு. வெளிச்சத்தில் பிடித்தபோது, அதற்கு அப்பால் கண்ணாடி அறைக்குள் மேனேஜர் மங்கலாகத் தெரிந்தான்.

"மாரிபண்ட்," என்றாள், கையேட்டில் அவன் எழுதியிருந்தபடியே, மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி.

பக்கத்தில் நின்ற யாருக்கும் புரியவில்லை. அவள் ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு கிழிசல் போட்டு, இரண்டு கையாலும் பிடித்து, முழு விரிப்பையும் ஒரே இழுப்பில் கிழித்தாள்.